கரிச்சான் ஒற்றைக்காலில் நின்ற கூத்து

மழை மறந்துபோன ஒரு காட்டில், பிள்ளைகளே, மிருகங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம் சாயங்காலக் கூத்துதான். எல்லாம் இலுப்பை மரத்தடியில் கூடும். அங்கே யாரும் யாரையும் கடிக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. கரிச்சான் குருவி கிளையில் நின்று ஆடும், பாடும், எல்லார் குரலிலும் பேசிக் காட்டும். பகலில் அதே கரிச்சான்தான் உச்சிக்கிளையில் காவல் இருந்து, நரியின் தலை தெரிந்தால் கத்திக் காட்டையே உஷார் பண்ணும்.

அந்தக் காட்டில் ஒரு பாழாய்ப்போன பழக்கம் இருந்தது. கூத்து முடிந்ததும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா எழுந்து போனால், "அதுக்கு என்ன தெரியும், மண்டு!" என்று சிரிப்பு கிளம்பும்.

வெள்ளைச்சி என்ற முயலுக்கு அந்தச் சிரிப்பென்றால் குலைநடுக்கம். ஒருநாள் அவள் முறை கடைசியில் வந்தது. பாட்டு இனிமை என்று மயில் சொல்லிவிட்டது. நடிப்பு பிரமாதம் என்று மான் சொல்லிவிட்டது. மிச்சம் என்ன இருக்கிறது சொல்ல? புல்லை மென்றபடியே யோசித்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னைக்கு ஒத்தைக்கால்ல நின்னே பாடுச்சே, நம்ம கொக்குச் சாமியாரைக் கிண்டல் பண்ணுதோ என்னவோ!"

"அட, ஆமாம்ல!" என்றது கூட்டம். வெள்ளைச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. துள்ளிக்கொண்டே தன் குட்டிகளிடம் போனாள்.

கொக்குச் சாமியார் அதுவரை வயிறு குலுங்கச் சிரித்தவர்தான். இதைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போனார். "என் தவத்தையா கேலி பண்ணுது?"

நரி சும்மா இருக்குமா? கரிச்சான் போட்ட சத்தத்தால் எத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறது! நேரே பன்றிகளிடம் போனது. "சாமியை மட்டுமா? உங்களை மாதிரியும்தானே உறுமிக் காட்டுச்சு? எல்லாம் மான்கள் கட்சி ஏவிவிடுற வேலை!" என்று ஓதியது. மறுநாள் குளத்தில் பன்றிகள் ஒரு கரை, மான்கள் ஒரு கரை.

பஞ்சாயத்து கூடியது. "முதல்ல கண்டுபிடிச்சது வெள்ளைச்சிதானே! வா தாயி, முன்னால வா" என்று நரி கூப்பிட்டது.

கரிச்சான் அவளைப் பார்த்தது. "வெள்ளைச்சியக்கா, கூத்து அன்னைக்குப் பகல்ல நீ மேயப் போயிருந்தப்ப இந்த நரி உன் வளைக்கு வந்துச்சு. அதைக் கொத்தி விரட்டப்போய்த்தான் என் கால் அடிபட்டுச்சு. ஊன்ற முடியலை, ஒத்தைக்கால்ல நின்னேன். உன் குட்டிங்க பார்த்துச்சுக்கா!"

"பார்த்தீங்களா! இப்ப என் மேலயே பழியைப் போடுது!" என்று நரி குதித்தது.

அன்றைக்குக் கூத்து முடிந்து அவள் வளைக்கு வந்ததுமே குட்டிகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தன. 'நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கூட்டமே அவளை அறிவாளி என்று மெச்சுகிறதே! மாற்றிச் சொன்னால் மண்டு என்று சிரிக்குமே! வெள்ளைச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

கரிச்சானைக் கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. அடிபட்ட காலைத் தொங்கவிட்டபடி அது பறந்து போனது.

மறுநாள் வெள்ளைச்சி மேய்ந்துவிட்டு வந்தாள். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. வளைக்குள்ளும் சத்தம் இல்லை. வாசல் மண்ணில் நரியின் காலடி பதிந்திருந்தது.

ஐயோ, அந்தத் தாய் கதறிய கதறல்! இலுப்பை மரத்தடிக்கு ஓடிவந்து, "என் வாயே என் குட்டிகளைத் தின்னுடுச்சே! கரிச்சான் ஒரு பாவமும் அறியாதே!" என்று மண்ணில் புரண்டாள். மிருகங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்து கேட்டன.

அவள் தொண்டை வற்றி அடங்கியதும், வழக்கப்படி ஆளுக்கொரு கருத்துச் சொல்ல ஆரம்பித்தன.

"தொடக்கம் உருக்கமா இருந்துச்சு" என்றது மயில்.

"நடுவுலதான் கொஞ்சம் ஜவ்வு" என்றது மான்.

"கரிச்சான் பேரை எதுக்குச் சொல்லணும்? அழுகையிலயும் அரசியலா?" என்றது பன்றி.

பிறகு எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போயின.

நீதி: பேச்சுக்குச் சொன்ன கருத்தும் ஒருவர் வாழ்வைக் கெடுக்கும்; தவறென்று தெரிந்ததும் திருத்திச் சொல்லாதவர், பிறகு கதறினாலும் கேட்பார் இல்லை.