பூட்டிய அறைக்கு ஒரு பாடம்

மருத்துவக் கல்லூரியில் நரம்பு மண்டலத் தொற்றுநோய்களுக்கென்றே ஒரு மேற்படிப்பு தொடங்கவிருந்தார்கள். பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு டாக்டர் ரெஜினாவுக்கு. எழுதியதைத் தன் பேராசிரியர் சற்குணத்திடம் நீட்டினாள்.

புரட்டினார். மூளைக்காய்ச்சல் இருந்தது. மூளைக் காசநோய் இருந்தது.

"வெறிநாய்க்கடி எங்கம்மா?"

"எடுத்துட்டேன் சார். கடிச்ச உடனே ஊசி போடறதுக்கு வேற ஆள் இருக்காங்க. நோய் வந்துட்டா பிழைக்கப் போறதில்லை. நடுவுல நாம எதைச் சொல்லிக் கொடுக்கறது?"

"நல்லா வாதாடுறே."

"நியாயத்தைத்தான் சொல்றேன். காப்பாத்த முடியற நோய்க்கே நேரம் பத்தலை."

அவர் எழுந்து வார்டுப் பக்கம் நடந்தார். விடாமல் பின்னாலேயே போனாள்.

தொற்றுநோய் வார்டின் கடைசி அறை வெளியே பூட்டியிருந்தது. உள்ளே, வெறிநாய் கடித்து நோய் முற்றிய லாரி டிரைவர் வேலாயுதம். தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலை. கை கால்களைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவர் மனைவி பொன்னுத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"கிட்டவே விடமாட்டேங்கறாங்கய்யா. போறதுக்குள்ள பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

ரெஜினா நர்ஸிடம் சீறினாள். "யாரு பூட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலை மேடம். எப்பவும் இப்படித்தான்."

"அவங்களை ஏன் கோவிச்சுக்கறே?" என்றார் சற்குணம். "யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

பூட்டைத் திறக்கச் சொன்னார். காற்று பட்டாலும் இழுக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினார். வேலாயுதத்துக்கு அமைதிப்படுத்தும் ஊசி மருந்தை நிதானமாக ஏற்றினார். உடம்பு தளர்ந்ததும் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பொன்னுத்தாய்க்கு முகக்கவசமும் கையுறையும் தானே மாட்டிவிட்டார்.

"எச்சில் படாம பாத்துக்கம்மா. கையைப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது."

அவள் பிடித்தாள். வேலாயுதம் கண் திறந்தார்.

"வண்டி யாருகிட்ட?"

"எந்தம்பிகிட்ட."

"கிளட்ச்சைத் தேச்சிருவானே."

"தேச்சா தேச்சுட்டுப் போறான்."

அவர் உதடு கோணியது. சிரிப்புதான். அவள் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். ரெஜினா சுவரோரமாக நின்றாள். அன்று சாயங்காலமே அவர் மூச்சு நின்றது.

ரெஜினா சற்குணத்தோடு வராந்தாவுக்கு வந்தாள்.

"சேர்த்துடறேன் சார்" என்றாள். "ஆனா இந்தப் பாடத்துல ஒரு மாணவர் தேறினாரா இல்லையான்னு யார் சார் சொல்லுவாங்க?"

வார்டுக்குள்ளிருந்து வேலாயுதத்தின் உடலோடு ஸ்ட்ரெச்சர் வந்தது. சற்குணம் ஒதுங்கி வழிவிட்டார்.

"சொல்ல வேண்டியவரைத்தாம்மா கொண்டுபோறாங்க."