பரிசுத்தபுரத்துத் தையல்காரி

சபைக்குப் புறம்பாக்கப்பட்ட மறுநாள் ஞானவடிவு பனங்காட்டைக் கடந்து போனாள். அவளோடு பேசக்கூடிய ஆள் அந்த வட்டாரத்தில் ஒருத்திதான் மிச்சம். அவளும் புறம்பானவள். பெயர் தேவக்கனி.

பரிசுத்தபுரம், மிஷன்காரர்கள் செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில் உண்டாக்கிய கிறிஸ்தவ ஊர். கள் ஆகாது, கூத்து ஆகாது, தலையில் பூ ஆகாது. சபையின் குருவை அங்கே ஐயர் என்பார்கள். ஐயரும் சபைப் பெரியவர்களான மூப்பர்களும் கூடி ஒருவரைப் புறம்பு என்று சொல்லிவிட்டால், அன்றோடு அவர் முகத்தைப் பார்த்து யாரும் பேசமாட்டார்கள். அடுப்புக்கு நெருப்புகூடக் கொடுக்கமாட்டார்கள்.

தேவக்கனி செய்த குற்றம் ஊருக்கே தெரியும். புருஷன் செத்த அடுத்த கோடையில் அவள் பெண்குழந்தைக்கு அம்மை போட்டது. அவள் ஜெபித்தாள். ஐயரும் வந்து ஜெபித்தார். குழந்தை கண் திறக்கவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாள். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் வாங்கித் திரும்புகிற வழியில் குழந்தை போய்விட்டது.

"செஞ்சது பாவம்னு சபை முன்னால சொல்லு" என்றார் ஐயர்.

"பிள்ளைக்கு ஒடம்பு கொதிச்சுது ஐயரே. எந்தக் கதவு தெறந்து கெடந்தாலும் போயிருப்பேன்" என்றாள் அவள்.

குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. அவளுக்கு ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை. பனங்காட்டுக்கு அப்பால், ஐயர் காட்டிய மேட்டில் குடிசை போட்டுக்கொண்டாள்.

ஆனால் அவளைப்போலத் தைக்க அங்கே ஆள் இல்லை. மூப்பர்கள் மறுபடி கூடினார்கள். ஊசி பாவம் செய்யவில்லை என்று முடிவானது. அதற்குப் பிறகு குடிசைக்கு எதிரே கிடந்த கல்லின்மேல் துணி வரும். அளவுக்கு ஒரு பழைய உடுப்பும் வரும். தைத்து முடித்ததை அவள் அதே கல்லில் வைப்பாள். எடுக்க வருகிறவர்கள் நெல்லோ கருப்பட்டியோ வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். குழந்தையின் ஞானஸ்நான உடுப்பிலிருந்து பிரேதத்துக்குப் போடும் சட்டைவரை எல்லாம் அந்தக் கல்லைத் தொட்டுத்தான் ஊருக்குள் போகும்.

ஞானவடிவும் அந்தக் கல்லில் துணி வைத்தவள்தான். இன்று கல்லைத் தாண்டி முற்றத்துக்குள் போனாள்.

தேவக்கனி தலை நிமிர்ந்தாள். நரை விழுந்த தலை. மடியில் வெள்ளைத் துணி.

"எனக்குத் தையல் சொல்லித் தாங்கக்கா. பொழைக்க வேற வழி தெரியல."

தேவக்கனி அவளைத் தோளிலிருந்து இடுப்புவரை அளந்து பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இடது தோளு கொஞ்சம் தாழ்வு. எலியேசர் பொண்டாட்டி நீ."

"ஆமாக்கா."

"உன் அளவு எனக்குத் தெரியும். கொரல் இப்படி இருக்கும்னு தெரியாது."

நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

ஞானவடிவின் கதையும் சின்னதுதான். எலியேசர் சபையின் கோயிலில் வேதம் வாசிக்கிறவர். குரல் உருகும். வீட்டில் கை நீளும். அவர் அவள் கையை முறுக்கி உடைத்த அன்று அவள் தகப்பன் வீட்டுக்குப் போனாள். தகப்பன் கதவைத் திறக்கவில்லை. புருஷனிடம் திரும்பிப் போகச் சபை சொன்னது. அவள் மாட்டேன் என்றாள். அவ்வளவுதான்.

தேவக்கனி ஒரு கந்தலைக் கொடுத்து நேராகத் தையல் ஓட்டச் சொன்னாள். கோணினால், "பிரி" என்பாள். மறுபடி கோணினால் மறுபடி, "பிரி." சில நாள் குடிசைக்குள் அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் மட்டுமே கேட்கும். இத்தனை வருஷமும் இந்த ஒரு சத்தத்தோடா இவள் இருந்தாள் என்று ஞானவடிவு நினைத்துக்கொள்வாள். அதற்காகவே அவள் அடுப்படியில் ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டிருப்பாள்.

தேவக்கனியின் மடியில் இருந்தது ஐயருக்கு அங்கி. அதே ஐயர். இப்போது வயதாகிவிட்டது. ஆண்டு விழாவுக்குப் புது அங்கி கேட்டிருந்தார்.

மழைக்கு முன்னால் ஒருநாள் எலியேசர் வீட்டு வேலைக்காரி வந்தாள். கல்லில் மல்லுத் துணியையும் ஒரு பழைய சட்டையையும் வைத்தாள். வைத்தவள் போகவில்லை. பக்கத்தில் நின்ற பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"எங்க ஐயா மூப்பராகப் போறாவ. ஞாயித்துக்கெழமைக்குப் புதுச் சட்டை வேணும். அன்னைக்குச் சபை முன்னால முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டா, வீட்டுக்கு வந்துரலாம்னு ஐயா சொல்லச் சொன்னாவ."

பனைமரத்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தேவக்கனி துணியை எடுத்து வந்து ஞானவடிவின் முன்னால் வைத்தாள்.

"நீ தை."

"என்னால ஆகாதுக்கா."

"சரி, நான் தைக்கேன்."

"வேண்டாம்." ஞானவடிவு துணியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எங்கிட்டயே இருக்கட்டும்."

அளவுச் சட்டையில் அவருடைய வேர்வை மணம் இருந்தது. முதலில் கழுத்துப் பட்டியை எடுத்தாள். அவர் கழுத்தை நினைத்துக்கொண்டே ஊசியைக் குத்தினாள். ஒவ்வொரு தையலையும் நூல் அறுகிற அளவுக்கு இழுத்து இறுக்கினாள்.

தேவக்கனி கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். துணி சுருண்டு நின்றது.

"பிரி."

மறுநாள் ஞானவடிவு மெதுவாகத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாள். ஒரு தடவை முழங்கால் போட்டால் போதும். கிணற்றடியில் நாலு பேர் முகம் பார்த்துப் பேசுவார்கள். தகப்பன் கதவைத் திறப்பார். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கண் நிறைந்து ஊசி மறைந்தது. தையல் எட்ட எட்ட விழுந்தது.

"பிரி" என்றாள் தேவக்கனி.

ஞானவடிவு சட்டையை வீசி எறிந்தாள்.

"நீங்க மட்டும் எப்படிக்கா தைக்கீங்க? உங்க பிள்ளைய வெளிய பொதைக்கச் சொன்ன மனுசனுக்கு? மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"தச்சுக் குடுத்தா திரும்பச் சேத்துக்குவாவன்னு இருக்கீங்களா?"

"இல்ல."

"பின்ன கை எப்படி ஓடுது?"

தேவக்கனி முடியும் தருவாயில் இருந்த அங்கியைப் பாயில் விரித்தாள்.

"இந்த அங்கியில ஒரு கைய எம்பிள்ளை செத்த தேதியில தச்சேன். அன்னைக்குப் பூரா மனசுக்குள்ள அவரை ஏசிக்கிட்டே தச்சேன். மண்ணாப் போகணும்னு சொல்லிச் சொல்லித் தச்சேன். இன்னொரு கையத் தைக்கும்போது நீ அடுப்படியில பாடிக்கிட்டு இருந்தே. மனசு சும்மா கெடந்துது. எந்தக் கை எதுன்னு பாத்துச் சொல்லு."

ஞானவடிவு அங்கியை வாசலுக்கு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இரண்டு கைகளையும் உள்பக்கம் புரட்டினாள். முடிச்சுகளைத் தேடினாள். தோள் சேர்கிற இடத்தை நகத்தால் நெருடினாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். வெயில் இறங்கி, பனைகளின் நிழல் முற்றத்துக்குள் வந்துவிட்டது.

"தெரியலக்கா."

"நல்லாப் பாரு."

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு."

தேவக்கனி அங்கியை வாங்கி மடித்து வைத்தாள். ஞானவடிவு மூலையில் கிடந்த சட்டையை எடுத்து, யாரும் சொல்லாமலே தானாகப் பிரித்தாள்.

சனிக்கிழமை தேவக்கனி கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்தாள். தோளை, கையை, காஜாவைப் பார்த்தாள். பிரி என்று சொல்லவில்லை. அங்கியும் சட்டையும் கல்லுக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா மணி அடித்தது. இரண்டு பெண்களும் மேட்டில் நின்றார்கள். கீழே ஊர் முழுவதும் வெள்ளையாக நடந்துகொண்டிருந்தது. முன்னால் ஐயர் போனார். அங்கி காற்றில் உப்பி, அவர் சற்று நிமிர்ந்து நடப்பதுபோலத் தெரிந்தது. பின்னால் புதுச் சட்டையோடு எலியேசர். கோயில் வாசலில் அவர் நின்று ஒருதரம் பனங்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். பாட்டுச் சத்தம் எழுந்தது.

ஞானவடிவு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பாட்டு முடிகிறவரை சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பட்டது அவருக்குத் தெரியாது. நீங்க பட்டது ஐயருக்குத் தெரியாது. துணியிலயாவது தெரியட்டுமேக்கா. ஒரு தையலாவது அவங்களக் குத்தட்டுமே!"

தேவக்கனி கோயிலைப் பார்க்கவில்லை. வேலியோரத்தில் இருந்த சின்ன மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளைக்குக் குழி ஐயரு சொன்ன இடத்துல. எனக்குக் குடிசை அவரு சொன்ன இடத்துல. அவரை நெனச்சுக் கோணலாத் தச்சு, ஊசியையும் அவரு கையிலயே குடுத்துரச் சொல்லுதியாட்டி?"