வெள்ள வருஷத்து வரிசை

ஓடைக்கரை மேட்டில் ஓர் அழுங்கும் ஒரு கீரியும் சேர்ந்து விளையாட்டு வளை ஒன்றை நடத்திவந்தன.

உடம்பெல்லாம் செதிலும் உளி போன்ற நகமும் கொண்ட அழுங்குதான் வளையைத் தோண்டும். கிழக்கு வாசலில் நுழைந்தால் மேற்கு வாசலில் வெளியே வரவேண்டும். நடுவில் சுற்றுப்பாதைகள், முட்டுச்சந்துகள். போதாததற்கு, இருட்டில் உட்கார்ந்து தப்பு வழி சொல்லும் ஒரு தவளை! வழி கண்டுபிடித்து வந்தவர்களுக்கு விளாம்பழம் பரிசு. வாசலில் நின்று கூட்டத்தைக் கூப்பிடுவது கீரியின் வேலை.

அந்தப் பருவத்தில் வளை சக்கைப்போடு போட்டது. முயல்கள் குடும்பத்தோடு வந்தன. மயில்கூடத் தோகையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்து, மண்ணும் சிரிப்புமாக வெளியே வந்தது. காட்டுப்பன்றியோ தவளையை நம்பி மோசம்போய்க் கீரியிடம் கெஞ்சியது.

"இன்னொரு தடவை உள்ளே விடுக்கா! இந்தத் தடவை அந்தத் தவளைப் பயல் பேச்சைக் கேக்கவே மாட்டேன்!"

மறுபடியும் போனது. மறுபடியும் கேட்டது. மறுபடியும் ஏமாந்தது.

வேப்பமரத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மைனா உச்சுக்கொட்டியது.

"என்ன இருந்தாலும் வெள்ள வருஷம் மாதிரி வராது!"

அழுங்கு தலையை நீட்டியது. "ஏன் அப்படிச் சொல்றே?"

"அந்த வருஷம் உன் வரிசை மேட்டையே சுத்தி வளைச்சு நின்னுச்சே! மான் நின்னுச்சு, யானை நின்னுச்சு, பாம்புகூட நின்னுச்சு! இப்பப் பாரு, இந்த இலந்தைச் செடியோட முடிஞ்சுபோச்சு. ஹூம்! அதுதான்யா உன் பொற்காலம்!"

அவ்வளவுதான். அழுங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது. மனசு சரியில்லை என்றால் அது அப்படித்தான்.

கீரி அந்தப் பந்தைத் தட்டிப் பார்த்தது. "டேய் தம்பி, அடுத்த பருவத்துக்குப் புது வளை தோண்டணும்னு சொன்னியே, எழுந்திரு!"

"எதுக்குக்கா?" என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்த வருஷம் நான் தோண்டினது ரெண்டே திருப்பம். தவளையும் கிடையாது. அதுக்கு யானையே வந்து நின்னுச்சு! இப்ப இவ்வளவு பாடுபட்டும் இலந்தைச் செடி வரைக்கும்தான். என் காலம் முடிஞ்சுபோச்சு."

"யானை எப்படிடா உன் வளைக்குள்ள போகும்?"

அழுங்கு அதைக் காதில் வாங்கவே இல்லை. சுருண்டபடியே யோசித்தது. அப்போது இருந்தது என்ன, இப்போது இல்லாதது என்ன? பளிச்சென்று பிடிபட்டது. வெள்ளம்!

மறுநாள் நடுப்பகல். வெயில் தாங்காமல் காடே உறங்கிக்கிடந்தது. மேட்டுக்குச் சற்றுக் கீழே ஓடை குறுகும் இடத்துக்கு அழுங்கு போனது. அங்கே ஓடைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்துகிடந்தது. அதன்மேல் கரை மண்ணைச் சரித்தது. இண்டு இடுக்கெல்லாம் சேற்றை அப்பியது. மண் வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் நின்றது. பிறகு ஏறியது.

பொழுது சாய்வதற்குள் தாழ்வான இடமெல்லாம் குளமாகிவிட்டது. முயல்கள், மான், காட்டுப்பன்றி, குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு யானை என்று எல்லாம் மேட்டுக்கு ஓடிவந்தன. மேட்டின்மேல் வளையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன.

அழுங்குக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க, வாங்க! பாத்தியாக்கா வரிசையை!"

"எந்த வரிசை?" என்று பிளிறியது யானை. "நிக்க வேற இடம் இல்லாம நிக்கிறோம்டா!"

"அப்போ... வெள்ள வருஷத்துல?"

"அன்னைக்கும் அதே கதைதான்! உன் வளை இருக்கிறதே எனக்குத் தெரியாது. மானுக்குப் பின்னாடி இடம் கிடைச்சுது, நின்னேன்."

"நான் உள்ளே போனேன்," என்றது மான். "பொழுதே போகல, அதனால போனேன். ரெண்டு திருப்பம்! அதையே எத்தனை தடவை சுத்துறது? கொட்டாவிதான் வந்துச்சு."

அப்போது வளைக்குள்ளிருந்து தவளை அலறியது. "தண்ணி! தண்ணி உள்ள வருது!"

யாரும் அசையவில்லை.

"இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்!" என்றது காட்டுப்பன்றி பெருமையாக.

மேற்கு வாசல் வழியாக விளாம்பழங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. அவற்றின் பின்னே தவளையும் மிதந்து வந்தது.

பதறிப்போன அழுங்கு பாதி சுருண்டது. அதன் செதில்களிலிருந்து பொலபொலவென்று காய்ந்த சேறு உதிர்ந்தது.

கீரி முகர்ந்து பார்த்தது. "தம்பி! இது ஓடைச் சேறாச்சே?"

முழுதாகச் சுருண்டுவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் வளை போய்விடும். அழுங்கு மெல்ல நிமிர்ந்தது.

"நான்தான் அடைச்சேன். விழுந்த மரத்தை இழுத்துட்டாத் தண்ணி வடிஞ்சுடும். என்னால தனியா முடியாது... யாராவது வாங்களேன்."

யானையின் கால்கள் எவ்வளவு பெரியவை என்று அழுங்கு அப்போதுதான் கவனித்தது.

"உன்னை அப்புறம் வச்சுக்கிறேன்!" என்று கத்திக்கொண்டு காட்டுப்பன்றி தண்ணீரில் குதித்தது. "வளை இடிஞ்சா நாளைக்கு நான் எங்கடா விளையாடறது?"

"எங்க வளை! எங்க வளை!" என்று முயல்குட்டிகள் கூச்சலிட்டன. திட்டிக்கொண்டே யானையும் இறங்கியது. பன்றி சேற்றைக் கிளற, யானை மரத்தைப் பிடித்து இழுக்க, தண்ணீர் ஓவென்று இறங்கி ஓடியது.

வளை பாதிதான் மிஞ்சியது. ஆனால் மறுநாள் காலை, கீரி கூப்பிடாமலே சிலர் வந்து சேற்றில் நின்றார்கள். முயல்கள், மயில், எல்லாருக்கும் முன்னால் காட்டுப்பன்றி. வரிசை சரியாக இலந்தைச் செடியோடு முடிந்தது.

"எப்பத் திறப்பீங்க?" என்று கேட்டது பன்றி.

மைனா வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்தது. "என்ன இருந்தாலும் நேத்து சாயங்காலக் கூட்டம் மாதிரி வராது!"

அழுங்கு வழக்கம்போலச் சுருண்டுகொள்ளத் தலையைக் குனிந்தது. அந்தக் குனிந்த தலையோடு இலந்தைச் செடி வரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மண்ணைத் தோண்டத் தொடங்கியது.

போக்கிடமின்றி என்றோ கூடிய கூட்டத்தை, விரும்பி இன்று தேடிவரும் கூட்டத்தோடு ஒப்பிட்டு ஏங்குபவர், கையில் இருக்கும் வெற்றியையும் தாமே கெடுத்துக்கொள்வார்.