பொற்கொடிக்கு மட்டும் தாழ்ந்த படி

மருதங்குளத்துப் பூக்காரி பொற்கொடிக்கு வலது முட்டி மடங்காது. டவுன் பஸ்ஸின் படியோ இடுப்பு உயரம். மூன்று முறை ஏறப் பார்த்து விழுந்தவள், நாலாவது முறை நேரே கோர்ட் படி ஏறிவிட்டாள்.

பஸ் கழக மேலாளர் சுந்தரவரதன் பதறினார். தீர்ப்பு வந்தால் இருநூறு பஸ்ஸுக்கும் படியை மாற்றச் சொல்லிவிடுவார்களே! சமரசத்துக்கு வந்தார். மீசையைத் தடவிக்கொண்டே தன் கையாலேயே எழுதினார்: “பொற்கொடி ஏறும் பஸ்ஸில் படி ஓர் அடிக்கு மேல் இருக்காது. இந்தச் சலுகை அவருக்கு மட்டுமே.”

“சம்மதமாம்மா?” என்றார் நீதிபதி.

“அய்யா எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மேலாளர் ஒரே ஒரு பஸ்ஸின் படியைத் தாழ்த்திவிட்டு, “எந்த ரூட்டுல விடணும், சொல்லு” என்றார்.

“எனக்கே தெரியாதுங்களே. எந்த மண்டபத்துல கல்யாணமோ அங்க பூவோட போவேன். யாராச்சும் செத்துட்டா மாலையோட அந்தத் தெருவுக்குப் போவேன். யார் எப்பச் சாவாங்கன்னு முன்கூட்டிச் சொல்ல முடியுங்களா?”

மேலாளர் நீதிபதியிடம் ஓடினார். “‘பொற்கொடி ஏறும் பஸ்’னு நீங்க எழுதினதுதானே? அவ எதுல ஏறினாலும் படி தாழ்ந்திருக்கணும்” என்றார் அவர்.

ஆறே மாதத்தில் இருநூறு பஸ்ஸிலும் படி தாழ்ந்தது. இனி வாங்கும் பஸ்ஸும் அப்படித்தான் என்று கழகம் விதியே போட்டது. கிழவர்களும் கர்ப்பிணிகளும் சிரமமில்லாமல் ஏறினார்கள்.

ஒருநாள் கிழவர்களோடும் கர்ப்பிணிகளோடும் பஸ் ஏறப்போனவளை மேலாளர் மறித்துப் பொருமினார்: “உனக்கு மட்டும்னுதானே எழுதினேன்!”

“எனக்கு மட்டும்தாங்க. போனாப் போகுதுன்னு இவங்களையும் ஏத்திக்கிறேன்.”