எண்ணெய் போகலாம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஜெனிட்டா நடத்திவந்த எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் நடந்த கதை இது.

இஞ்ஞாசி முப்பது வருடம் சரக்குத் தோணிகளில் என்ஜின் டிரைவராக இருந்தவர். கியர்பாக்ஸின் மேல் கையை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார் என்று பேர். போன வருடம் அவர் "கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்ன ஒரு கியர்பாக்ஸை, அதன் எண்ணெயை மட்டும் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் தாங்காது" என்றாள் ஜெனிட்டா. இருபத்தாறாம் நாள் அது உடைந்தது. மறுநாளே இஞ்ஞாசி வெட்கத்தை விட்டு அவளிடம் பாடம் கேட்க வந்து நின்றார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

அன்று அவர் கொண்டுவந்தது, அவரே இப்போது என்ஜின் பார்க்கும் 'ஆரோக்கிய ராணி' தோணியின் கியர்பாக்ஸ் எண்ணெய். வெங்காயம் ஏற்றிக்கொண்டு தோணி மறுநாள் காலை மாலத்தீவுக்குக் கிளம்புகிறது. அதில் எட்டுப் பேர். தோணியை நடத்தும் தண்டல் தொம்மை, இஞ்ஞாசியின் தங்கை புருஷன்.

புட்டியில் எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. ஜெனிட்டா அதை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எண்ணெய் நல்லாருக்கு."

"அப்போ தோணி போலாமா டீச்சர்?"

"எண்ணெய் போலாம்."

சிரிப்பதா முழிப்பதா என்று இஞ்ஞாசிக்குத் தெரியவில்லை. ஜெனிட்டா பழைய நோட்டைப் புரட்டி அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்தக் கியர்பாக்ஸ்ல தேஞ்சு எண்ணெயில விழுந்த இரும்போட அளவு இது. ஜனவரியில இருபது. பிப்ரவரியில இருபத்தாறு. மார்ச்சுல நாப்பத்தொண்ணு. இன்னைக்கு ரெண்டு. தேஞ்ச இரும்பு திரும்பப் போயி ஒட்டிக்கிடுமா அண்ணாச்சி?"

"அது எப்படி ஒட்டும்?"

"எண்ணெய எப்போ மாத்துனிய?"

"நேத்து சாயங்காலம்." இஞ்ஞாசி பெருமையாகத்தான் சொன்னார். "அழுக்கு எண்ணெய உங்க முன்னால கொண்டாந்து வைக்க மனசு வரல. ஆஸ்பத்திரிக்குப் போறவன் குளிச்சிட்டுத்தானே போவான்?"

வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். ஜெனிட்டா குரலைக்கூட உயர்த்தவில்லை.

"பழசு எங்க?"

"நங்கூரச் சங்கிலிக்குப் பூசலாம்னு கேன்ல வச்சிருக்கேன்."

உச்சி வெயிலில் அவளே தோணிக்கு நடந்தாள். கேனை நன்றாகக் குலுக்கச் சொன்னாள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் வழியே கறுத்த எண்ணெயை வடித்தாள். பிறகு துணியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பொன்னு மாதிரி மினுங்குதே!" என்றார் தண்டல் தொம்மை.

"பித்தளை" என்றாள் ஜெனிட்டா. "பேரிங் உருளைகளைப் பிடிச்சு வைக்கிற கூடு உள்ள நொறுங்கிக்கிட்டு இருக்கு. பிரிங்க."

சாயங்காலத்துக்குள் கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டார்கள். பித்தளைக் கூடு மூன்று இடத்தில் விரிசல் விட்டிருந்தது. இஞ்ஞாசி சுண்டுவிரலால் தொட்டதும் ஒரு துண்டு கையோடு வந்தது. பாதிக் கடலைக்கூட அது தாண்டியிருக்காது. தொம்மை சிலுவை போட்டுக்கொண்டார். புதுப் பேரிங் வந்து சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். எட்டு வீட்டில் ஒரு வீட்டிலும் யாரும் முணுமுணுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகும் இஞ்ஞாசி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தப் பெண்ணைக் கும்பிடவேண்டும் போலிருந்தது. கூடவே மனசுக்குள் ஒரு குறையும் இருந்தது.

"முப்பது வருசமா கைய வச்சுப் பாத்தேன், காத வச்சுக் கேட்டேன். நேத்துகூடக் கேட்டேன் டீச்சர். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாதது உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொல்லுது?"

ஜெனிட்டா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்ககிட்டயும்தான் சொல்லிச்சு அண்ணாச்சி. நீங்கதான் அதக் கேன்ல ஊத்தி மூடி வச்சிட்டிய."