துளை விழுந்த ஓலை

நெடுங்குன்றத்து அரசன் மாறவேளுக்கு நாற்பத்திரண்டாம் வயதில் இலக்கியமும் இலக்கணமும் படிக்கும் ஆசை வந்தது. நாட்டுக்கு அது நல்லது. ஆசிரியர்களுக்கு அவ்வளவு நல்லதல்ல.

பாடம் தொடங்கிய அன்றே அரசன் ஒரு சட்டம் போட்டான்: மாணவன் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய்விடை சொல்லும் ஆசிரியர் அகழிக்குப் போகவேண்டும். அகழியில் முதலைகள் இருந்தன. முதல் மாதமே ஓர் ஆசிரியர் போனார். அவருடைய மேலாடை கரையோர முள்ளில் சிக்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பாடசாலைச் சன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

மிஞ்சியவர் மூவர். செய்யுள் சொல்லித்தந்தவர் அனவரதர். உரை சொன்னவர் மாசிலாமணியார். அரசனின் கைபிடித்து எழுதப் பழக்கியவர் விடங்கர். வாள் பிடித்துக் காய்த்த கை அது. எழுத்தாணியை அழுத்தி ஓலையையே துளைத்துவிடும். துளை விழுந்த ஓலைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியவற்றை நறுக்கி வைப்பது விடங்கரின் அன்றாட வேலை.

ஒரு காலை, அவையோரும் கூடியிருந்த பாடசாலையில், அரசன் ஓர் ஓலையை நீட்டினான். இரண்டே அடிகள்:

"புதுக்கோபுரக் கதவை மும்முறை சாத்தினேன்;
சாத்திய கை எனதுதானா என்று பார்த்தேன்."

"இதைப் பாடியவர் யார்? என்ன சொல்கிறார்?" என்று கேட்டான் அரசன்.

நெடுங்குன்றத்தில் புதுக்கோபுரம் என்றால் ஒன்றுதான். அதற்குக் கதவு மாட்டியது போன தை மாதம்.

அனவரதர் ஓலையைப் பார்த்ததும் கண்மூடித் தலையாட்டினார். தமக்கு ஏழு வயதில் தம் ஆசிரியர் பாடிக் காட்டிய பழம்பாட்டு இது என்றும், பாடியவர் ஒரு துறவி என்றும் சொன்னார்.

விடங்கர் ஓலையை வாங்கி, ஒரு துளையின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். பிறகு தலை குனிந்து, "தெரியாது, அரசே" என்றார். அவருடைய அடக்கத்தை அவையே மெச்சியது.

மாசிலாமணியார் ஓலையை மூன்று முறை படித்தார். சன்னலைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துவிட்டார்.

"பாடியவர் யாரென்று அறியேன். ஆனால் மிகவும் பயந்தவர். வெளியில் இருப்பவரைக் கண்டல்ல, அரசே. தம்மைக் கண்டே."

அரசன் ஓலையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

கதை இங்கே நிற்கட்டும். சட்டப்படி அகழிக்குப் போகவேண்டியவர் யார் யார்?

விடை: இருவர். கதவு மாட்டி ஓராண்டுகூட ஆகாத கோபுரத்தைப் பற்றி அனவரதர் ஏழு வயதில் பாட்டுக் கேட்டிருக்க முடியாது. விடங்கர் நாள்தோறும் எடுத்துப் போடும் ஓலைகளில் அரசன் இடும் அதே துளைகள் அவை. அந்தக் கையை அவருக்குத் தெரியாதா? அடக்கமாகத் தெரிந்த அவருடைய விடையும் பொய்தான். பாட்டைப் படித்து, கண்டதைச் சொன்னவர் மாசிலாமணியார் ஒருவரே. ஆனால் அன்று முதலைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அரசன் மாசிலாமணியாரை மட்டும் நிறுத்தி, "நான் எழுதியது என்று தெரிந்திருந்தால் இதையே சொல்லியிருப்பீரா?" என்று கேட்டான். அவர் மறுபடியும் சன்னலைப் பார்த்தார். கடைசியில், "தெரியாது, அரசே" என்றார். அன்று சொல்லப்பட்ட இரண்டு 'தெரியாது'களில் இதுதான் உண்மை. அரசன் எழுந்து சன்னலைச் சாத்தினான், ஒரே முறைதான்.