கை தட்ட முடியாத சுடிதார்

மலிவுத் துணிக்கடையில் பெரிய டிசைனர் விக்ராந்த் வடிவமைத்த சுடிதாருக்கு அறிமுக விழா. அவர் பேருக்காகவே தெருமுனைவரை கூட்டம். விற்பனைப் பெண்களுக்கெல்லாம் அதையே மாட்டிவிட்ட முதலாளி, "கிழிஞ்சா சம்பளத்துல பிடிச்சிருவேன்" என்று உறுமியிருந்தார்.

"உழைக்கும் பெண்களுக்காகவே செய்தேன்!" என்று மேடையில் முழங்கினார் டிசைனர். விற்பனைப் பெண்களில் ஒருத்திகூடக் கை தட்டவில்லை.

"தட்டுங்கடி!" முதலாளி பாய்ந்தார்.

அவர்களில் ஒருத்தியான பவளக்கொடி ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்: "தட்டினா அக்குள்ல கிழியுது முதலாளி. தட்டவா, சம்பளத்தைக் காப்பாத்திக்கவா?"

டிசைனருக்கு முகம் கறுத்தது. "கையை எதுக்கு ஆட்டுறே? சும்மா அழகா நில்லு!"

"உழைக்கிற பொம்பளைக்குன்னீங்களே சார், நாங்க எதை வச்சு உழைக்கிறோம்னு நினைச்சீங்க?"

அப்போதுதான் கைதட்டல் எழுந்தது. வாங்க வரிசையில் நின்ற பெண்கள், எடுத்த சுடிதாரை மேசையில் விட்டெறிந்துவிட்டுத் தட்டினார்கள்.